குற்றவியலா, தடய அறிவியலா?

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் மதுரைப் பக்கம் இந்த இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். பெயரில் மட்டும்தான் நெருக்கம்.

படிப்பு: குற்றவியலில் சட்டம், சமூகவியல், உளவியல், சிறை நிர்வாகம். ஒருவன் ஏன் திருடுகிறான் என்பதுதான் கேள்வி. தடய அறிவியலில் வேதியியல், உயிரியல், ஆய்வகம். கதவுக் கைப்பிடியில் பதிந்த ரேகை யாருடையது என்பது கேள்வி.

பிளஸ் டூ குரூப்: முதலாவதற்கு ஆர்ட்ஸ் குரூப்பும் சரி. இரண்டாவதற்கு அறிவியல் வேண்டும்.

செலவு: ஆய்வகம் இருப்பதால் தடய அறிவியலுக்குத் தனியாரில் கட்டணம் கூடும். சேருமுன் ஆய்வகத்தை நேரில் போய்ப் பாருங்கள். பூட்டிக் கிடந்தால் வேறு கல்லூரி தேடுங்கள். குற்றவியலுக்கு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் திருநெல்வேலி. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே துறை இருக்கிறது.

வேலை: இங்கேதான் யோசிக்க வேண்டும். எஸ்.ஐ. தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும், குற்றவியல் படித்தால்தான் காக்கி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் செக்யூரிட்டி நிறுவனங்கள், சிறார் நலன், சிறைவாசிகள் மறுவாழ்வு என்று போக அது உதவும். தடய அறிவியலில் இடங்கள் குறைவு. ஆனால் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்ற வழக்குகளின் விசாரணை நடைமுறைச் சட்டம்), ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்குப் போவதைப் படிப்படியாகக் கட்டாயமாக்குகிறது. தேவை கூடும்.

மனிதர்களிடம் பேசப் பிடித்தவருக்குக் குற்றவியல். மைக்ராஸ்கோப்போடு மணிக்கணக்கில் உட்காரப் பொறுமை உள்ளவருக்கு மற்றது. என்னைக் கேட்டால், தடய அறிவியல் ஆசை இருந்தாலும் முதலில் பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, அப்புறம் எம்.எஸ்சி.யில் மாறுவதுதான் பாதுகாப்பு.