மாதச் சம்பளமும் இரண்டு போகமும்: எச்லெட்ஜரில் குடும்பப் பாதீடு

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் குடியிருந்து, மேற்கே படுவான்கரையில் வயல் செய்யும் குடும்பங்களுக்கு, மாதத்தை மட்டும் அளவாகக் கொண்ட பாதீடு பெரும்பாலும் பொருந்துவதில்லை. அரச சம்பளம் மாதந்தோறும் வருகிறது. ஆனால் உழவு, விதைநெல், பசளை, கிருமிநாசினி ஆகியவற்றுக்கான பணம் ஒக்டோபரிலும் நவம்பரிலும் பெருந்தொகையாக வெளியேறி, பெரும்போக (மாரிக்கால நெற்செய்கை) வெட்டு முடிந்து நெல் விற்ற பிறகுதான் திரும்பி வருகிறது. இந்த இடைவெளியை முன்கூட்டியே எண்ணாகக் காட்டும் மென்பொருள் தேவைப்படுபவர்களுக்கு எச்லெட்ஜரை (hledger) நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன். அதில் சில இடறல்களும் உண்டு.

ஜோன் வீக்லி 2003 இல் வெளியிட்ட லெட்ஜர் என்னும் நிரலின் வழியில், சைமன் மைக்கேல் 2007 இல் ஹாஸ்கெல் என்னும் நிரல்மொழியில் எழுதத் தொடங்கியதே எச்லெட்ஜர். இது இலவசமானது; நிறுவிய பிறகு இணைய இணைப்பும் தேவையில்லை. வரவு செலவுகளை நாமே ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் திகதி வாரியாகப் பதிகிறோம். முனையத்தில் (கட்டளைகளைத் தட்டெழுதும் கணினிச் சாளரத்தில்) கட்டளை கொடுத்தால், அந்தக் கோப்பைப் படித்து அறிக்கை தருகிறது. அடிப்படை, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் குறைந்தது இரண்டு கணக்குகளில் பதியும் இரட்டைப் பதிவு முறை என்பதால், பாடசாலையில் கணக்கீடு படித்தவர்களுக்கு அதன் தர்க்கம் புதிதன்று. கணக்குப் பெயர்களை ‘செலவு:வயல்:பசளை’ என்று தமிழிலேயே வைக்கலாம். கணக்குப் பெயருக்கும் தொகைக்கும் நடுவில் குறைந்தது இரண்டு இடைவெளி விட வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே பழகிக்கொள்வது நல்லது.

இதன் உண்மையான பெறுமதி, அலைக்குறியில் (~) தொடங்கும் காலமுறை விதிகளில் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 20 ஆம் திகதி சம்பளம், மாதந்தோறும் மின்சாரக் கட்டணமும் சீட்டுக் காசும், ஆண்டுக்கொரு முறை ஒக்டோபரில் உழவுச் செலவு என்று ஒவ்வொன்றையும் அதற்குரிய கால இடைவெளியுடன் எழுதி வைத்தால், அதே விதிகள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. மீதி அறிக்கையுடன் பட்ஜெட் என்னும் தெரிவைச் சேர்க்கும்போது அவை இலக்குகளாகி, பசளைக்கு ஒதுக்கியதில் எத்தனை சதவீதம் செலவாகியிருக்கிறது என்பதை அந்தந்த மாதத்திற்கு நேரே காட்டுகின்றன. ஃபோர்காஸ்ட் (எதிர்வுகூறல்) தெரிவைச் சேர்க்கும்போது அவை வருங்காலப் பதிவுகளாகி, இனி வரும் மாதங்களின் மீதியைக் காட்டுகின்றன. மாத மாற்றம் மட்டுமன்றி மாத இறுதி மீதியும் தெரிய வேண்டுமானால், ஹிஸ்டோரிக்கல் தெரிவையும் மறவாமல் சேர்க்க வேண்டும்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒக்டோபர் தொடக்கத்தில் ஒரு குடும்பத்திடம் 180,000 ரூபாய் இருக்கிறது. வீட்டுச் செலவு போகச் சம்பளத்தில் மாதம் 12,000 மிஞ்சுகிறது. வயலுக்கு ஒக்டோபரில் 75,000, நவம்பரில் 60,000, டிசம்பரில் 30,000 தேவைப்படுகிறது. பொங்கலும் பாடசாலைச் செலவும் சேர்ந்து ஜனவரியில் 45,000, வெட்டு மிஷினுக்குப் பெப்ரவரியில் 25,000. எச்லெட்ஜரின் எதிர்வுகூறலில் மாத இறுதி மீதிகள் 117,000, 69,000, 51,000, 18,000, 5,000 என்று இறங்கும். விதைப்புக் காலத்தைத்தான் நெருக்கடி என்று எல்லோரும் அஞ்சுகிறோம். ஆனால் உண்மையில் கை வறண்டுபோவது, நெல் களத்துக்கு வரும் தறுவாயில். இதை ஒக்டோபரிலேயே காணும் குடும்பத்துக்கு, கழிவுச் சீட்டை எந்த மாதம் எடுப்பது, எந்தக் கொள்வனவை மார்ச்சுக்குத் தள்ளுவது என்று நிதானமாகத் தீர்மானிக்க அவகாசம் கிடைக்கிறது. காணாத குடும்பம் பெப்ரவரியில் நகையை அடகு வைக்க ஓடுகிறது. பாதீட்டு மென்பொருள் ஒன்றிடமிருந்து நான் எதிர்பார்ப்பது முதன்மையாக இதைத்தான்.

வெள்ளத்தாலோ நோயாலோ விளைச்சல் பாதியானால் என்ன நடக்கும் என்பதையும் பார்க்கலாம். நெல் விற்பனை வருமானத்துக்கான விதியை மட்டும் தனிக் கோப்பாக வைத்து, நல்ல விளைச்சலுக்கு ஒன்று, மோசமான விளைச்சலுக்கு ஒன்று என இரண்டு எழுதி, கட்டளையில் வேண்டிய கோப்பை மாற்றிக் கொடுத்தால் போதும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது விளைச்சல் எப்படி வீழ்ந்தது என்பதைக் கண்ட மாவட்டங்களில், இரண்டாவது கோப்பு வீண் வேலையன்று.

குறைகளில் முதன்மையானது எதிர்வுகூறலின் கால எல்லை. முடிவுத் திகதி கொடுக்காவிட்டால் இன்றிலிருந்து ஆறு மாதம் வரைதான் அது செல்கிறது. ஓகஸ்டில் பார்ப்பவருக்குப் பெரும்போக வருமானம் அறிக்கையிலேயே வராது. தொடக்கமும் கவனிக்க வேண்டியதே. கோப்பிலுள்ள கடைசிச் சாதாரணப் பதிவுக்கு மறுநாளிலிருந்தே எதிர்வுகூறல் தொடங்குவதால், பசளைக் கடைக்குக் கொடுத்த பின்திகதியிட்ட காசோலையை அதன் திகதியிலேயே பதிந்து வைத்தால், இடையிலுள்ள மாதங்களின் சம்பளமும் செலவும் சத்தமின்றி விடுபட்டுப் போகும். ஆகவே தொடக்கத் திகதி, முடிவுத் திகதி இரண்டையும் ஃபோர்காஸ்ட் தெரிவுடன் எப்போதும் எழுதிக் கொடுப்பதே பாதுகாப்பு.

விலையேற்றத்தை இது தானாக அறியாது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்ட 2022 செப்டெம்பர் போன்றதொரு காலத்தில், ஆண்டுத் தொடக்கத்தில் எழுதிய விதிகளை அப்படியே நம்பியிருந்தால் அறிக்கை முழுவதும் பொய்யாகியிருக்கும். ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் தொகைகளைக் கையால் திருத்தியே ஆக வேண்டும். பல முனையங்களில் கொம்பும் காலும் இடம் மாறித் தமிழ்ப் பெயர்கள் சிதைந்து தெரிவது இன்னொரு தொல்லை. இதற்கு எச்லெட்ஜரைக் குறைசொல்ல முடியாது. அதனுடன் வெளியாகும் எச்லெட்ஜர் வெப் மூலம் உலாவியில் திறந்தால், அதே கணக்குகளை ஒழுங்காக வாசிக்கலாம். முனையத்தைத் தொட விரும்பாத துணைவரோ பெற்றோரோ வீட்டிலிருந்தால், அவர்களும் அந்த உலாவிப் பக்கத்திலேயே செலவுகளைப் பதியலாம்.

விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் இது இயங்குகிறது. உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளின் மென்பொருள் களஞ்சியத்தில் கிடைக்கும் பதிப்பு பழையதாக இருக்கக்கூடும் என்பதால், திட்டத்தின் சொந்த வெளியீட்டுப் பக்கத்திலிருந்து பதிவிறக்குவது மேல்.