சவுக்கு நாற்றுக்கு பிராங்கியா திரவம்: வாங்கலாம், ஆனால் லேபிளை நம்பி அல்ல

சவுக்கு நாற்றங்கால் வைத்திருப்பவர்கள் இதைத் தாராளமாக வாங்கலாம். பாட்டிலில் இருப்பது பிராங்கியா என்ற பாக்டீரியா. பயறு வகைகளுக்கு ரைசோபியம் என்ற பாக்டீரியா செய்யும் வேலையை சவுக்குக்கு இது செய்கிறது, அதாவது வேருக்குள் புகுந்து முடிச்சு போட்டு, காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றி மரத்துக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு மரம் தயாரிக்கும் சர்க்கரையை வாங்கிக்கொள்கிறது.

ஒரே நாளில் விதைத்த நாற்றுகளில் பாதிக்கு ஊற்றினேன், மீதியை அப்படியே விட்டேன். மணல் கலவை, வேறு தழைச்சத்து எதுவும் இல்லை. ஊற்றியவற்றின் வேரில் சில வாரங்களில் பவளம் போலக் கிளைத்த முடிச்சுகள் தெரிந்தன, நாற்றும் நல்ல பச்சையாக நிமிர்ந்து வந்தது. ஊற்றாதவை வெளிறிக் குட்டையாகவே நின்றன. பயறுச் செடியின் முடிச்சு அந்தப் பருவத்தோடு போய்விடும், சவுக்கு முடிச்சோ பல ஆண்டுகள் இருந்து வளரும். அதனால் நாற்றிலேயே ஊற்றிவிடுவதுதான் சரி.

பழைய மரத்தின் முடிச்சை அரைத்துத் தண்ணீரில் கரைத்து ஊற்றும் வழக்கமும் உண்டு, அதுவும் வேலை செய்யும். ஆனால் அந்த மண்ணிலுள்ள நூற்புழுவும் வேரழுகல் பூஞ்சையும் கூடவே வந்துவிடலாம். தனியாக வளர்த்த பாக்டீரியாவில் அந்தப் பயம் இல்லை. இவ்வளவு மெதுவாக வளரும் ஒன்றை நம்பகமாகப் பிரித்தெடுத்து வளர்க்கவே 1978 வரை ஆனது என்பதால், இப்படி ஒரு பாட்டில் கிடைப்பதே எனக்குப் பெரிய விஷயம்.

அப்புறம் அந்த லேபிள். ‘எல்லா மரங்களுக்கும்’ என்று போட்டிருக்கிறார்கள். இது தவறு, வாங்குபவரை ஏமாற்றும் தவறு. பிராங்கியாவோடு சேர்பவை சுமார் 8 குடும்பங்களைச் சேர்ந்த இருநூற்றுச் சொச்சம் இனங்கள் மட்டும்தான். வேம்புக்கோ தேக்குக்கோ எவ்வளவு ஊற்றினாலும் முடிச்சு வராது. சேரும் மரங்களிலும் சவுக்குக்கான ரகம் வேறு, ஆல்டர் மரத்துக்கானது வேறு. எந்த மரத்தின் முடிச்சிலிருந்து எடுத்தது என்று பாட்டிலில் ஒரு வரி இருக்க வேண்டும், இல்லை.

யூரியா போடாதீர்கள் என்ற எச்சரிக்கையும் இல்லை. தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் மரம் முடிச்சு போடாது, அப்புறம் இந்த பாட்டில் வீண். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மட்டும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே சவுக்கு நின்ற மண்ணில் இந்த பாக்டீரியா இயல்பாகவே இருக்கலாம். அப்படிப்பட்ட மண்ணில் நாற்று விட்டிருந்தால், ஒன்றிரண்டைப் பிடுங்கி வேரைப் பாருங்கள், முடிச்சு இருந்தால் இதை வாங்க வேண்டியதில்லை.