டிஸ்க் வலிக்கு மெக்கென்சியா, மெக்கிலா?

எல்5-எஸ்1 டிஸ்க், அதாவது கீழ்முதுகின் அடியில் எலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் தட்டு, பிதுங்கி இடது காலில் வலி இறங்கியபோது, என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கென்சியின் குப்புறப் படுத்து நிமிரும் பயிற்சி. மற்றது, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கிலின் மூன்று பயிற்சிகள். நான் மெக்கென்சியைப் பிடித்துக்கொண்டேன். யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வேன்.

செலவு இரண்டிலும் இல்லை, பாய் ஒன்று போதும்.

செய்வது சரியா தப்பா என்பதை மெக்கென்சி முறையில் வலியே காட்டிவிடும். குப்புறப் படுத்து, உள்ளங்கைகளைத் தோளருகே ஊன்றி, மார்பை மட்டும் தூக்க வேண்டும். இடுப்பு பாயை விட்டு எழும்பக் கூடாது. பார்க்கப் புஜங்காசனம் மாதிரிதான். ஆனால் இதில் வேலை கைகளுக்கு. முதுகுத் தசை தளர்ந்தே இருக்க வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு முழங்கை ஊன்றிப் படுக்கத்தான் முடிந்தது, அதுவே போதுமாக இருந்தது. பத்து முறை செய்தபின் வலி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கெண்டைக்காலில் இருந்தது தொடைக்கு ஏறி, பிறகு பிட்டத்தோடு நின்றால் நல்ல அறிகுறி. கீழ்முதுகில் கொஞ்சம் கூடினாலும் பயமில்லை. பாதத்தை நோக்கி இறங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள். 1956இல் வெலிங்டனில், தலைப்பக்கம் உயர்ந்திருந்த மேசையில் ஒரு நோயாளி குப்புறப் படுத்திருக்க, அவருடைய கால்வலி விலகியதைப் பார்த்துத்தான் மெக்கென்சிக்கே இது பிடிபட்டது.

மெக்கில் முறையில் முதுகை வளைப்பதே இல்லை. கர்ல்-அப் (மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் லேசாகத் தூக்குவது), சைடு பிளாங்க் (பக்கவாட்டில் முழங்கை ஊன்றி இடுப்பைத் தூக்குவது), பேர்ட் டாக் (கையும் முழங்காலும் ஊன்றி, ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டுவது) மூன்றிலும் பத்து விநாடி பிடித்து விட்டு, முதுகெலும்பைச் சுற்றியுள்ள தசைகளின் தாக்குப்பிடிக்கும் திறனை வளர்ப்பார்கள். இரவில் டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும் என்பதால், எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிய வேண்டாம் என்று அவர் வலியுறுத்துவது பொன்னான யோசனை. வலி அடங்கிய பிறகே இதற்கு வந்தேன். கடும் வலியில் எப்படி இருக்கும் என்று என் அனுபவத்தில் சொல்ல முடியாது.

முதுகெலும்புக் குழாய் சுருங்கியவர்களுக்கு நிமிரும் பயிற்சி பெரும்பாலும் வலியைக் கூட்டும். வயதானவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ இந்த இரண்டுமே வேண்டாம். அப்போதே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.