மருத்துவமனை வலைத்தளத்துக்கு வேர்ட்பிரஸ்: புது வசதிகளில் எது உண்மையில் உதவுகிறது?

உசிலம்பட்டியிலிருந்து காலை பஸ் பிடித்து, ஆரப்பாளையத்தில் இறங்கி, ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவருக்கு வலைத்தளத்தின் நிறமும் அழகும் முக்கியமில்லை. எலும்பு டாக்டர் இன்று ஓ.பி.யில் இருக்கிறாரா, எத்தனை மணிக்கு வருவார், டோக்கனுக்கு எந்த நம்பரில் கூப்பிட வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். இதில் ஒன்று தப்பாக இருந்தாலும் அவருக்கு ஒரு நாள் கூலி போச்சு, வலியோடு திரும்பிப் போக வேண்டும்.

மதுரையில் நடுத்தர அளவிலான ஒரு மருத்துவமனையின் தளத்தையும், கூடவே சில கிளினிக்குகளின் தளங்களையும் வலைத்தளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். 2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு பிளாக் எடிட்டர் வந்தது, அதாவது பத்தி, படம், பட்டியல் என்று ஒவ்வொன்றையும் தனித் துண்டாக (பிளாக்) வைத்துப் பக்கம் அமைக்கும் முறை. அதிலிருந்து 2025 டிசம்பரில் வந்த 6.9 வரை, ஒவ்வொரு பதிப்பும் ஏதாவது புது வசதியைக் கொண்டுவந்துகொண்டே இருக்கிறது. அதில் நிறைய எங்களுக்குத் தேவைப்படாதவை. எந்த வசதி வந்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நோயாளிக்குப் போகும் தகவல் இதனால் சரியாக இருக்குமா?

அந்தக் கணக்கில் முதலிடம் சிங்க்டு பேட்டர்னுக்கு, அதாவது ஒரு பகுதியை ஒருமுறை செய்து பல பக்கங்களில் போட்டுக்கொள்ளும் வசதிக்கு. டாக்டரின் நேரம் தளத்தில் ஒரே இடத்தில் இருப்பதில்லை. துறைப் பக்கம், டாக்டர் பக்கம், தொடர்புப் பக்கம், முகப்பு என்று பல இடங்களில் இருக்கும். விசிட்டிங் டாக்டர் ஒருவர் புதன்கிழமை மாலை 5 மணியை 6 மணியாக மாற்றினால், ஃப்ரண்ட் ஆபீஸிலிருந்து போன் வரும். துறைப் பக்கத்தில் திருத்துவோம், முகப்பில் பழைய நேரமே நிற்கும். முன்பு ரீயூஸபிள் பிளாக் என்று இருந்த வசதிதான் 2023 ஆகஸ்டில் வந்த 6.3 பதிப்பில் சிங்க்டு பேட்டர்ன் ஆனது. ஒவ்வொரு டாக்டரின் நேரப் பட்டியலையும் ஒரு பேட்டர்னாகச் செய்து எல்லாப் பக்கங்களிலும் அதையே போட்டுவிட்டோம். ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் மாறிவிடும். ஆஸ்பத்திரி போன் நம்பருக்கும் இப்படி ஒரு பேட்டர்ன் வைத்திருக்கிறோம், தொட்டதும் அழைப்பு போகிற மாதிரி.

2024 ஜூலையில் வந்த 6.6 பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. பேட்டர்னின் வடிவம் ஒன்றாகவே இருக்கும், உள்ளே இருக்கும் எழுத்தையும் படத்தையும் மட்டும் ஒவ்வொரு இடத்திலும் மாற்றிக்கொள்ளலாம். டாக்டர் அறிமுக அட்டைக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. பெயர், படிப்பு, மருத்துவக் கவுன்சில் பதிவு எண், படம் ஆகியவற்றுக்கு அட்டையிலேயே இடம் ஒதுக்கிவிட்டோம். பதிவு எண் விட்டுப்போன அட்டை இப்போது உடனே கண்ணில் படுகிறது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நேரத்தை மாற்றிவிட்டு ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்தால் சரியாகத் தெரியும், வெளியில் நோயாளியின் போனில் பழைய நேரமே வரும். லாகின் செய்து உள்ளே இருப்பவருக்குப் பெரும்பாலும் கேஷ் செய்த பக்கம் (வேகத்துக்காக முன்பே சேமித்து வைத்த நகல்) காட்டப்படுவதில்லை, வெளியாளுக்குக் காட்டப்படுகிறது. அதனால் எந்தத் திருத்தம் செய்தாலும் கேஷைக் காலி செய்துவிட்டு, லாகின் இல்லாத ஒரு போனில், வைஃபையை அணைத்துவிட்டு, ஒருமுறை திறந்து பாருங்கள். எங்கள் ரிசப்ஷனில் இருப்பவர்களே இதைச் செய்கிறார்கள்.

அடுத்தது 6.9-ல் வந்த நோட்ஸ். எனக்கு மிகவும் பிடித்த வசதி இது. நோயாளிகளுக்கான தமிழ்க் கட்டுரைகளை டாக்டர் பார்க்காமல் வெளியிடக் கூடாது என்பது எங்கள் ஆஸ்பத்திரியில் விதி. முன்பெல்லாம் பக்கத்தை பிரிண்ட் எடுத்து டாக்டர் மேஜையில் வைப்போம், அல்லது ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸாப்பில் அனுப்புவோம். பதில் "இரண்டாவது பாராவில் மாற்றவும்" என்று வரும். எந்த இரண்டாவது பாரா என்று திரும்பக் கேட்பதற்குள் டாக்டர் ஓ.பி.க்குள் போயிருப்பார்.

இப்போது எடிட்டருக்குள்ளேயே, அந்தந்தப் பத்தியின் மேலேயே, டாக்டர் குறிப்பு எழுதலாம். நாங்கள் அங்கேயே பதில் போடலாம், சரிசெய்ததும் முடிந்தது என்று குறித்துவிடலாம். பக்கத்தைப் படிக்கும் வெளியாள் யாருக்கும் இது தெரியாது. சர்க்கரைப் பரிசோதனை பற்றிய பக்கத்தில் "முந்தைய இரவிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது" என்று ஒரு வரி இருந்தது. அதன் மேல் எங்கள் சர்க்கரை நோய் டாக்டர் எழுதிய குறிப்பு: "8 மணி நேரம் என்று தெளிவாகப் போடுங்கள். தண்ணீர் குடிக்கலாம் என்று சேருங்கள், நம்ம ஊர் வெயிலில் வயசானவங்க தண்ணீர்கூடக் குடிக்காம மயங்கி வர்றாங்க. காலை மாத்திரையை எப்போ போடணும்னு அவங்க டாக்டரிடம் கேட்டுக்கச் சொல்லுங்க." ஒரு வரி மூன்று வரியானது. பக்கத்துக்கே அப்போதுதான் அர்த்தம் வந்தது.

அதே டாக்டர்தான், விளம்பரம் எழுதித் தரும் ஒரு நிறுவனத்திடமிருந்து வந்த பக்கத்தில் "சர்க்கரை நோயை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து" என்ற வரியை நிறுத்தி வைத்தார். நீரிழிவுக்கு அப்படி மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய சிகிச்சைகள் விளம்பரச் சட்டமே தடுக்கிறது. எழுதிக் கொடுத்தவர்களுக்கு அது தெரியவில்லை. பார்க்க வேண்டியவர் பார்க்க வழி இருந்ததால் அந்த வரி வெளியே போகவில்லை.

நோட்ஸில் ஒரு சிக்கல் உண்டு. பக்கத்தைத் திருத்தும் உரிமை உள்ளவர்தான் குறிப்பும் எழுத முடியும். அதாவது டாக்டருக்கு எடிட்டர் உரிமை கொடுக்க வேண்டும். அந்த உரிமை இருந்தால் அவரே வெளியிடவும் அழிக்கவும் முடியும். குறிப்பு மட்டும் எழுதுகிற மாதிரி ஒரு தனி உரிமை இருந்தால் நிம்மதியாக இருக்கும். அப்புறம், சின்னப் போன் திரையில் இதைச் செய்வது கஷ்டம். எங்கள் டாக்டர்கள் ஓ.பி. முடிந்ததும் கன்சல்டிங் ரூம் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடுகிறார்கள்.

தமிழ் எழுத்துக்கு வருவோம். 2024 ஏப்ரலில் 6.5 பதிப்போடு ஃபான்ட் லைப்ரரி வந்தது. கூகுள் எழுத்துருக்களை எடிட்டருக்குள்ளிருந்தே நம் சர்வருக்கு இறக்கிக்கொள்ளலாம், ஒவ்வொரு முறையும் வெளியே போய் எடுக்கத் தேவையில்லை. நாங்கள் நோட்டோ சான்ஸ் தமிழையும் ஹிந்த் மதுரையையும் வைத்துப் பார்த்தோம். நம் ஊர்ப் பெயர் கொண்ட ஹிந்த் மதுரை தலைப்புகளுக்கு அழகாக இருக்கிறது. மருந்து அளவும் உணவு விவரமும் வரும் நீளமான பத்திகளுக்கு நோட்டோவையே வைத்துக்கொண்டோம், கண்ணாடி போட்டவர்களும் சிரமமில்லாமல் படிக்கிறார்கள்.

ஆனால் எழுத்துரு மட்டும் தமிழைக் காப்பாற்றாது. கண் முகாம் நோட்டீஸை டி.டி.பி. கடையில் பழைய, யூனிகோட் (எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி தெரிகிற பொது எழுத்துக் குறியீடு) இல்லாத எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அதை அப்படியே ஒட்டினால் தளத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கலந்து விழும். யூனிகோடுக்கு மாற்றித்தான் போட வேண்டும், மாற்றிய பிறகு ஒற்றும் கொம்பும் சரியாக இருக்கிறதா என்று ஒருவர் உட்கார்ந்து படிக்கவும் வேண்டும். இதைச் செய்யாமல் நோட்டீஸை பி.டி.எஃப். படமாகப் போட்டுத் தப்பித்துக்கொள்ளும் மருத்துவமனைகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பார்வை குறைந்தவர் போனில் வாசிக்க வைத்துக் கேட்கலாம் என்றால், படத்தில் கேட்க ஒன்றும் இருக்காது.

சின்னச் சின்ன வசதிகளில் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். 6.6 முதல், தானாக அப்டேட் ஆகும் பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு மென்பொருள்) தளத்தையே நிறுத்துகிற மாதிரி பிழை கொடுத்தால் பழைய பதிப்புக்குத் தானே திரும்பிவிடும். அப்பாயின்ட்மென்ட் பிளகின் ஒன்று ராத்திரி அப்டேட் ஆகி, காலையில் தளம் வெறும் வெள்ளையாக நின்ற அனுபவம் எங்களுக்கு உண்டு. அதனால் இதன் அருமை தெரியும். இன்னொன்று, 6.7 முதல் ஐபோனில் எடுத்த ஹெச்.ஈ.ஐ.சி. படங்களை, சர்வரில் அதற்கு வசதி இருந்தால், ஜேபெக்காகத் தானே மாற்றிக்கொள்கிறது. முகாம் படங்கள் இதனால் சீக்கிரம் ஏறுகின்றன. சீக்கிரம் ஏறுகிறதே என்று, நோயாளி முகம் தெரியும் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் ஏற்றக் கூடாது.

இதே அக்கறையில்தான் ஒரு வேண்டுகோளை மட்டும் நான் எப்போதும் மறுக்கிறேன். "ரிப்போர்ட்டை வலைத்தளத்திலேயே அப்லோட் பண்ண வெச்சிரலாமே" என்று எல்லா ஆஸ்பத்திரியிலும் யாராவது கேட்பார்கள். வேர்ட்பிரஸின் மீடியா லைப்ரரியில் ஏறும் கோப்புக்குப் பூட்டு கிடையாது. முகவரி தெரிந்தால் யாரும் திறக்கலாம். ஒரு பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட் அப்படிக் கிடப்பதை நினைத்துப் பாருங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அபராதமே இல்லாவிட்டாலும் இதைச் செய்யக் கூடாது. ரிப்போர்ட்டுக்கு ஆஸ்பத்திரி மென்பொருள் தனியாக இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும்.

விசேஷ நாட்களில் 6.9-ன் பிளாக் மறைக்கும் வசதி கை கொடுக்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையம் பக்கம் வண்டி போக முடியாது. எந்த வழியாக வர வேண்டும், ஓ.பி. உண்டா, அவசரப் பிரிவுக்கு எந்த வாசல் என்று ஓர் அறிவிப்பு போடுவோம். திருவிழா முடிந்ததும் அழிக்காமல் மறைத்து வைத்துவிடலாம். அடுத்த சித்திரையில் தேதியை மட்டும் மாற்றித் திறந்தால் போதும். பொங்கல் விடுமுறை அறிவிப்பும் அப்படியே. ஆனால் ஒரு பக்கம் எப்போது வெளிவர வேண்டும் என்று தேதி குறிக்க முடிகிறதே தவிர, எப்போது இறங்க வேண்டும் என்று வேர்ட்பிரஸிலேயே குறிக்க வழியில்லை, அதற்குத் தனியாக பிளகின் வேண்டும். "நாளை ஓ.பி. கிடையாது" என்ற வரி அடுத்த வாரமும் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் எங்கள் அறிவிப்புகளில் "நாளை", "இன்று" என்ற சொற்களுக்கே இடமில்லை. தேதியும் கிழமையும் மட்டும்தான்.

ஒரே டாக்டர் நடத்தும் கிளினிக்குக்கு இதெல்லாம் வேண்டுமா என்று மேலூரிலும் திருமங்கலத்திலும் கேட்கிறார்கள். வேண்டாம் என்றுதான் சொல்வேன். கூகுள் மேப்பில் நேரத்தையும் நம்பரையும் சரியாக வைத்துக்கொண்டால் போதும். டாக்டர்கள் பலர், துறைகள் பல, மாறிக்கொண்டே இருக்கும் நேரங்கள் என்றால்தான் இந்த உழைப்புக்கு அர்த்தம்.

நான் காத்திருப்பது இரண்டு மொழி வசதிக்காக. வேர்ட்பிரஸ் திட்டத்தின் நான்காம் கட்டமாக அதைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இப்போதைக்குத் தமிழ்ப் பக்கமும் ஆங்கிலப் பக்கமும் தனித்தனியாகத்தான் நிற்கின்றன, ஒன்றைத் திருத்தினால் இன்னொன்றுக்குத் தெரியாது. ஆகவே எங்கள் ஆபீஸில் எந்த மாற்றம் வந்தாலும் தமிழ்ப் பக்கத்தை முதலில் திருத்துகிறோம். அது வெளியே சரியாகத் தெரிகிறது என்று பார்த்த பிறகுதான் ஆங்கிலப் பக்கத்தில் கை வைக்கிறோம்.