டைகர் மாத்தா, புஷ்பக்கா?

நீலகிரியில் ஓடுபாதை இல்லாததால், குன்னூரில் வசிக்கும் விமானி தன் குடும்பத்தினரில் ஒருவருடன் பறக்கக் கோவைச் சமவெளிக்கு இறங்கித்தான் ஆகவேண்டும். டைகர் மாத், புஷ்பக் என்னும் இரண்டு பழைய சிறு விமானங்களில் எதில் என்பதே கேள்வி.

1931-இல் முதன்முதலில் பறந்த டைகர் மாத் மேலும் கீழுமாக அமைந்த இரட்டைச் சிறகும் 130 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினும் உடையது. திறந்த இரண்டு இருக்கைகள் முன்னும் பின்னுமாக இருப்பதால், இருவரும் பேச்சுக்குழாய் வழியாகவே உரையாடுவர். மேல்சிறகின் நடுவிலுள்ள பெட்ரோல் தொட்டியின் மீது, சிறு கண்ணாடிக் குழாயில் மிதவை மெல்ல இறங்குவதை அண்ணாந்து பார்த்து அளவறிவது எனக்குப் பேரின்பம்.

இந்துஸ்தான் விமான நிறுவனம் உருவாக்கி 1958-இல் பறக்கவிட்ட புஷ்பக்குக்கு 90 குதிரைத்திறன்தான். ஆயினும் மூடிய அறையில் அருகருகே அமரலாம், சிறகு தலைக்கு மேலிருப்பதால் கீழேயுள்ள தேயிலைச் சரிவுகளும் மறைவதில்லை. மார்கழிக் குளிரில் குழந்தையை அழைத்துச் செல்ல இதுவே ஏற்றது.

மலையை நெருங்கும்போது நிலைமை மாறுகிறது. உதகையின் உயரமாகிய சுமார் 2,240 மீட்டரில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவதால், எஞ்சினின் வலுவும் சிறகின் தாங்குதிறனும் ஒருசேரத் தளர்கின்றன. சிகரங்களின் மறுபுறம் கீழ்நோக்கி அழுத்தும் காற்றும் சேர்ந்தால் புஷ்பக்கால் மீண்டு ஏறுவது கடினம். ஆகவே 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவை நோக்கி இரண்டில் எதிலும் குடும்பத்தினரை அழைத்துச் செல்ல நான் உடன்படமாட்டேன். மேட்டுப்பாளையத்துக்கு மேலே, காலைவேளையில், புஷ்பக்கையே தேர்ந்தெடுப்பேன்.