வீட்டு இடிபாடுகளைப் பெருங்குடிக்குக் கொண்டுபோகும் அனுபவம்

சென்னை வேளச்சேரியில் இருக்கும் எங்கள் பழைய வீட்டை மொத்தமாக இடித்துக் கட்டக் கையில் காசில்லை. ஒரு வருடம் சமையலறை, அடுத்த வருடம் கழிவறை, அப்புறம் மொட்டைமாடி என்று கொஞ்சம் கொஞ்சமாக வேலை நடக்கிறது. ஒவ்வொரு முறையும் இடிபாட்டைக் குட்டியானை வண்டியில் ஏற்றிப் பெருங்குடியில் இருக்கும் மாநகராட்சியின் இடிபாடு மறுசுழற்சி ஆலைக்கு அனுப்பிவிடுகிறோம். அலைச்சல்தான், ஆனாலும் இதைத்தான் எல்லோருக்கும் சொல்வேன்.

வேலையே வீட்டில்தான் இருக்கிறது. ஆலையில் செங்கல், கான்கிரீட், டைல்ஸ் இவற்றை உடைத்து ஜல்லியாகவும் மணலாகவும் பிரிக்கிறார்கள், நடைபாதைக் கல்லுக்கெல்லாம் அது போகிறது. நடுவில் தெர்மாகோல், வயர், பெயிண்ட் டப்பா, சாப்பாட்டுப் பொட்டலம் கிடந்தால் அந்தச் சுமையே வீண். இடிக்கும் அன்றே பிரித்துவிடச் சொல்லுங்கள், குவியலான பிறகு யாரும் கை வைக்க மாட்டார்கள். கம்பியும் ஜன்னலும் பழைய இரும்புக் கடைக்குப் போகட்டும். உடைந்த டைல்ஸ் சாக்கைக் கிழித்துவிடும், அதனால் சிமெண்ட் சாக்கை இரட்டையாகப் போட்டுப் பாதி மட்டும் நிரப்புங்கள், தூக்குகிறவர் முதுகையும் பார்க்க வேண்டும் இல்லையா. ஃபால்ஸ் சீலிங் ஜிப்சத்தைக் குப்பையோடு கலக்கவே கூடாது, காற்றுப் புகாத ஈரக் குப்பைமேட்டில் அதிலிருந்து அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும், அது விஷவாயு. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்காமல் தனியாக எடுத்து வையுங்கள், இந்தச் சுமையில் ஏற்றாதீர்கள்.

ஏற்றிய பிறகு தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டாமல் 200 அடி சாலையில் போனால் பின்னால் பைக்கில் வருகிறவர் கண்ணில்தான் தூசி விழும்.

வண்டியோடு வீட்டு ஆள் ஒருவர் கட்டாயம் போக வேண்டும். "ஏரிக்கரை ஓரமா தட்டிடலாம் சார், வாடகை பாதிதான்" என்று ஒரு டிரைவர் என்னிடம் நேராகவே கேட்டார். தென்சென்னையின் மழைத்தண்ணீர் வந்து சேரும் பள்ளிக்கரணை சதுப்புநிலம் பெருங்குடி குப்பைமேட்டை ஒட்டியே இருக்கிறது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம். அந்தச் சதுப்புநிலத்தில் இன்னும் ஒரு லோடு மண்ணைக் கொட்டி மூடினால் வெள்ளம் வேறு எங்கே போகும், நம் தெருவுக்குத்தான் வரும்.

குறை என்றால் வண்டி வாடகைதான், சின்ன வேலைக்கு அது ரொம்ப அதிகம். கொஞ்சம்தான் இடிபாடு என்றால் முதலில் மாநகராட்சியின் உதவி எண் 1913க்குப் போன் செய்து உங்கள் மண்டலத்தில் எங்கே கொட்டலாம் என்று கேளுங்கள். பழைய மெத்தை, சோபாவை இதோடு ஏற்ற வேண்டாம், அதற்கும் அதே எண்ணில் கேட்கலாம்.