டிராக்டரா, பவர் டில்லரா?

பணக்கார நாடு டிராக்டர் வாங்கியது, ஏழை நாடு மாட்டோடு நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எந்த எந்திரம் எங்கே எடுபடும் என்பதைக் காசு மட்டும் தீர்மானிக்கவில்லை. நிலம் அதிகமா, ஆள் அதிகமா என்பதையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் நிலம் கிடந்தது, ஆள்தான் இல்லை. 1917-இல் ஃபோர்ட்சன் டிராக்டர் வந்தது. 1922-இல் அதன் விலை 395 டாலருக்கு இறங்கியது. அப்போது அந்த நாட்டின் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய கால்வாசி குதிரை, கோவேறு கழுதைகளின் தீனிக்கே போய்க்கொண்டிருந்தது. டிராக்டர் அந்த நிலத்தையும் மீட்டுக் கொடுத்தது. லாபத்துக்குக் கேட்கவா வேண்டும்!

1960-களின் கடைசியில் உலக வங்கிக் கடனில் பாகிஸ்தானுக்கும் டிராக்டர்கள் போயின. அங்கே ஆளுக்குப் பஞ்சமே இல்லை. வாங்கிய பெரிய பண்ணைக்காரர்கள் குத்தகைக்காரர்களை வெளியேற்றிவிட்டுத் தாங்களே உழ ஆரம்பித்தார்கள். அந்தப் பண்ணைகளின் சராசரிப் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. ஏக்கர் மகசூலில் சொல்லிக்கொள்ளும்படி ஏற்றமில்லை. எனக்கு இது கடன் கொடுத்தவர்களின் தவறாகவே படுகிறது.

பவர் டில்லர் என்பது பின்னால் நடந்தபடி கையால் பிடித்து ஓட்டும் சின்ன உழவு எந்திரம். அது ஜப்பானில் 1950-களில் பரவியது. அங்கிருந்த சின்னஞ்சிறு வயல் துண்டுகளில் டிராக்டர் திரும்பவே இடம் பற்றாது. உழவர் வீட்டு இளைஞர்களும் தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்ததால் ஆளும் குறைந்தது.

வங்கதேசம் ஜப்பானைவிட எத்தனையோ மடங்கு ஏழை நாடு. அங்கேயும் அதே எந்திரம்தான் ஜெயித்தது. 1988 வெள்ளத்தில் உழவு மாடுகள் ஏராளமாகச் செத்தன; அரசு இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்த, மலிவான சீனப் பவர் டில்லர்கள் வந்து குவிந்தன. வாங்கியவர் சிலர், உழுதுகொண்டவர் பலர். டில்லர்காரர் வரப்பு வரப்பாகப் போய்க் கூலிக்கு உழுதார். உழவு முடிந்ததும் பெல்ட்டைக் கழற்றி அதே டீசல் என்ஜினில் பம்பை ஓட்டலாம், நெல்லும் அடிக்கலாம். வருஷம் முழுக்க என்ஜினுக்கு வேலை இருந்ததால் போட்ட முதல் சீக்கிரம் திரும்பியது.

சேற்றுழவுக்கும் சிறு துண்டுகளுக்கும் என் ஓட்டு பவர் டில்லருக்கே. காய்ந்து இறுகிய கரிசலில் அது திணறும், சாயங்காலத்துக்குள் அதைப் பிடித்து நடந்தவரின் தோள் கழன்றுவிடும். அங்கே டிராக்டர்தான் சரி. ஆனால் அதையும் ஆளுக்கொன்று வாங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இரண்டு ஏக்கர்காரர் மணிக் கணக்கில் வாடகை பேசித்தான் டிராக்டர் உழவு ஓட்டுகிறார்.